இரண்டு பல் பின்னால்

நிற்காதே. இங்கே மட்டும் நிற்காதே. அந்த லாரி போகட்டும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு பஸ் வருகிறது, அதுவும் போகட்டும். அப்புறம் திரும்பலாம். திரும்பும்போது வண்டி நின்றுவிட்டால்? நின்றால் என்ன, போன தடவை நின்றபோது செத்தா போனேன்? போன தடவை எதிரே வந்தது சைக்கிள். சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான். லாரி திட்டிவிட்டுப் போகுமா?

பின்னால் நின்ற டாக்சிக்காரன் ஹார்னிலிருந்து கையை எடுப்பதாக இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். வண்டி நிற்கவில்லை. சத்தமில்லாமல் சாலையைக் கடந்து, அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம் போய் அடங்கியது. இஞ்சினை அணைத்த பிறகும் ஸ்டியரிங்கை விடவில்லை அவள். நல்லபடியாக வந்து சேர்ந்தோமே என்று நிம்மதிப்பட வேண்டியவள், ஏமாந்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். நின்றிருந்தாலாவது நின்றது என்று ஒருவரிடம் சொல்லலாம். நிற்குமோ நிற்குமோ என்று பயந்துகொண்டே வந்தேன், நிற்கவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஏனென்றால் இது ஜப்பான் வண்டி. ஜப்பான் வண்டி நிற்காது. அதிலும் இந்தக் கம்பெனியின் வண்டி நிற்கவே நிற்காது. சம்பந்தம் பேசுகிற இடத்தில் நல்ல குடும்பத்தின் பெயரைச் சொன்னதுபோல, அந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னால் அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. எண்ணெய் மாற்ற மறந்து வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள், கதவுவரை வெள்ளத்தில் நின்ற வண்டியில் மறுநாளே ஆபீசுக்குப் போனவர்கள், பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காமல் பேரனுக்கென்று வைத்திருப்பவர்கள் என்று, வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. கைமாறக் கைமாறக் கதைகள் கொஞ்சம் சதை போடவும் செய்தன.

அவளிடமும் ஒரு கதை இருந்தது. சொல்லப்போனால் எல்லாரையும்விட அவள் கதைதான் அதிகம் சுற்றியது.

அவளுடைய அண்ணன் பழைய கார் வாங்கி விற்பவன். அவன் கொட்டகையில் நிற்பவை பெரும்பாலும் இந்த ஒரே கம்பெனி வண்டிகள்தான். வாங்க வருகிறவர் தயங்கினால் அவன் வாதாட மாட்டான். போனை எடுத்து, "என் தங்கச்சிகிட்ட கேளுங்க, பதினோரு வருஷமா இதே வண்டி வச்சிருக்கா" என்று அவள் எண்ணைக் கொடுத்துவிடுவான். அவளும் பொய் சொல்ல வேண்டியிருந்ததில்லை. மழையில் நின்றதில்லை, மேட்டில் திணறியதில்லை, பேட்டரியும் டயரும் தவிர மாற்றியதில்லை என்று உள்ளதைச் சொல்வாள். கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்வாள்: "என்னை ஒருநாள்கூட நடுத்தெருவுல நிக்க வச்சதில்லங்க. அந்த விஷயத்துல எங்க வீட்டுக்காரரவிட மேல்." எதிர்முனையில் சிரிப்பு வரும். சிரித்தவர் வண்டியை எடுத்துவிடுவார். கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் வீட்டுக்காரரும் இந்த வரியைக் கேட்டுச் சிரிப்பவர்தான். வண்டிக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஒருமுறை இதையே கொஞ்சம் நீட்டி எழுதிப் போட்டாள். அது எங்கெங்கோ போய், அவளுக்கே வேறு யாரோ அனுப்பி வைத்தார்கள், 'அவசியம் படிக்கவும்' என்ற குறிப்போடு. அண்ணன் அவளுக்கு 'சாட்சி' என்று பெயர் வைத்தான். கொட்டகைக்குப் போனால், "வாம்மா சாட்சி" என்பான்.

அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வீட்டில் அவள் சொல் அப்படியொன்றும் எடுபடாது. எந்தப் பள்ளி, எந்தத் தெரு, எந்த டாக்டர் என்று எதிலும் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அப்புறம் இன்னொருவரிடம் கேட்பார்கள். வண்டி விஷயத்தில் மட்டும் முன்பின் தெரியாத ஆண்கள் போன் செய்து, அவள் சொன்னதை நம்பி, நன்றி சொல்லி வைத்தார்கள்.

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இதே கம்பெனியில் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தபோது, அண்ணன் அவள் வண்டியை விற்பனைக்குத் தயார் செய்தான். அவன் கையிலிருந்து போகும் எந்த வண்டிக்கும் தடித்த புது விரிப்பு ஒன்றைத் தரை முழுக்க ஒட்டி, புது சீட் உறை போட்டுத்தான் அனுப்புவான். உள்ளே கால் வைத்ததும் மெத்தைமேல் வைத்ததுபோல் இருக்க வேண்டும். அது அவன் கடையின் அடையாளம். அவள் வண்டிக்கும் அது நடந்தது. வருவதாக இருந்த ஆள் வராமல் போகவே, தோதான ஆள் கிடைக்கும்வரை நீயே ஓட்டிக்கொண்டிரு என்று திருப்பித் தந்தான்.

அதற்குப் பிறகுதான் நிற்க ஆரம்பித்தது.

ஒரு முனகல் இல்லை, உதறல் இல்லை. திருப்பத்தில் பாதி வளைந்திருக்கும்போது இஞ்சின் போய்விடும். பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தின் நடுவில் எழுந்து போய்விட்டதைப்போல ஒரு வெறுமை. ஸ்டியரிங் கல்லாகிவிடும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும். சாவியைத் திருப்பி மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். தினமும் நிற்காது. நின்ற திருப்பத்திலேயே மறுநாள் நிற்காது. அதுதான் கொடுமை.

முதல் தடவை வீட்டில் சொன்னபோது, கணவர் தொலைக்காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பி, "நம்ம வண்டியா?" என்றார். அவள் குற்றம் சுமத்தியது வண்டியின்மேல் அல்ல, குடும்பத்தின்மேல் என்பதுபோல இருந்தது அது. பெட்ரோல் இருந்ததா என்று கேட்டார். இருந்தது. கால் தவறி எதையாவது மிதித்தாயா என்றார். இல்லை. அப்படியானால் நாளைக்கு நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். பார்த்தார். நிற்கவில்லை. சாவியை மேஜையில் வைத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளை உறுத்தியது.

குழுவில் எழுதினாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. பெட்ரோல் பங்கை மாற்றுங்கள் என்றார் ஒருவர். கிளட்சைச் சீக்கிரம் விட்டிருப்பீர்கள் என்றார் இன்னொருவர். அவள் வண்டியில் கிளட்சே கிடையாது. பெண்கள் பொதுவாகத் திருப்பத்தில் பதறுவார்கள், அது இயற்கை, தவறாக நினைக்க வேண்டாம் என்று ஒரு பெரியவர் ஆறுதல் சொன்னார். குழுவை நடத்துகிறவர், முன்பு அவள் எழுதியதையே எடுத்துப் போட்டு, 'இதை எழுதியதும் நீங்கள்தானே சகோதரி?' என்று கேட்டிருந்தார். கீழே கைதட்டல்களும் சிரிப்புப் பொம்மைகளும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான் போலிருக்கிறது. மறுநாள் பார்த்தால் அவள் எழுதிய புகார் குழுவில் இல்லை. நீக்கியிருந்தார்கள். புகழ்ந்து எழுதியது மட்டும் அப்படியே இருந்தது.

அண்ணன் தன் மெக்கானிக்கிடம் விட்டான். மெக்கானிக் நல்ல மனிதர், அவளைச் சிறு வயதிலிருந்து தெரியும். நாள் முழுக்க ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அம்மா, இந்த வண்டி நிக்கணும்னா அதுவா மனசு வச்சாத்தான் உண்டு. நல்லா ரெஸ்ட் எடுங்க." கடைசி வார்த்தை வண்டிக்கு அல்ல என்பது அவளுக்குப் புரிந்தது.

அதன் பிறகு அவளுக்குள் ஒன்று அரிக்கத் தொடங்கியது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள்தானே நான். அடுப்பை அணைத்தேனா என்று கடையிலிருந்து போன் செய்கிறவள்தானே. ஒருவேளை திருப்பத்தில் காலை எடுத்துவிடுகிறேனோ? சாவியில் முழங்கால் படுகிறதோ? ஓட்டும்போது கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துத் தன் காலையே பார்க்க ஆரம்பித்தாள். அது இன்னும் ஆபத்து. ஆபத்து என்று தெரிந்தும் பார்த்தாள். தூங்கப் போனால் உள்ளங்கால் தானாக எதையோ மிதித்தது. "நீ கொஞ்ச நாளா சரியில்ல" என்றார் கணவர், அன்பாகத்தான். சரியில்லாதது வண்டி என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு போர்வையை இழுத்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் அவள் தொழிலே பிறர் சொல்லை நம்புவது. இருட்டு அறை, எதிர்ச்சுவரில் எழுத்துகள், நாற்காலியில் ஒருவர். ஒவ்வொரு கண்ணாடி வில்லையாகப் போட்டு, முதலில் வைத்ததா இப்போது வைத்ததா, எது தெளிவு என்று நாளெல்லாம் கேட்க வேண்டும். அவர்கள் கண்ணுக்குள் போய்ப் பார்க்க அவளால் முடியாது. அவர்கள் சொன்னால்தான் உண்டு. மங்கல் என்று ஒருவர் சொன்னால், இல்லை உங்களுக்குத் தெளிவாகத்தான் தெரிகிறது என்று இதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரம் ஒரு தையல்காரர் வந்தார். ஊசிக் காது இரண்டாகத் தெரிகிறது என்றார். கருவி ஒன்றும் காட்டவில்லை. எழுத்துகளைக் கடைசி வரிவரை சரளமாகப் படித்தார். உதவிக்கு இருந்த பெண் அவர் முதுகுக்குப் பின்னால் உதட்டைப் பிதுக்கினாள். இவள் மட்டும், எப்போது இரண்டாகத் தெரிகிறது என்று கேட்டாள். சாயங்காலம், வேலை முடிகிற நேரம் என்றார். அப்படியானால் சாயங்காலம் வாருங்கள் என்று அனுப்பினாள். வந்தார். களைத்த கண் ஒன்று மெல்ல விலகுவது அப்போது கருவியிலேயே தெரிந்தது. அவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அறை விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். ஏன் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்றே எல்லாரும் கேட்கிறோம். எப்போது நிற்கிறது என்று நான்கூடக் கேட்கவில்லையே.

எப்போது? நான் ஓட்டும்போது. மெக்கானிக் ஓட்டினால் நிற்பதில்லை. கணவர் ஓட்டினால் நிற்பதில்லை. அண்ணன் ஓட்டினால் நிற்பதில்லை. இதுவரை இதை அவளுக்கு எதிரான சாட்சியமாகவே வைத்திருந்தார்கள், அவளும் அப்படியே வைத்திருந்தாள். கேள்வியைப் புரட்டிப் போட்டால்? நான் உட்கார்ந்ததும் வண்டியில் என்ன மாறுகிறது?

யார் ஓட்டித் திருப்பித் தந்தாலும் அவள் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. சீட்டுக்கு அடியில் கை விட்டு, கம்பியைத் தூக்கி, இடுப்பால் எக்கி எக்கி சீட்டை முன்னுக்கு இழுப்பாள். அவர்கள் மூன்று பேரும் ஆறடிக்குப் பக்கம். அவள் அவர்கள் தோளுக்கும் கீழே. மற்றவர்கள் நடுவில் எங்கோ நிறுத்துகிற சீட்டை அவள் அது நகரும் தண்டவாளத்தின் கடைசிப் பல்வரை கொண்டுபோனால்தான் கால் எட்டும். கொஞ்சம் தள்ளி உட்காரேன், ஸ்டியரிங்கைக் கடித்துவிடுவாய் போலிருக்கிறது என்பது வீட்டின் பழைய கேலி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சந்தை மைதானம் காலியாக இருக்கும். யாரிடமும் சொல்லாமல் போனாள். சீட்டை இரண்டு பல் பின்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு மடித்த போர்வை கொடுத்து, கட்டைவிரல் நுனியால் மிதித்துக்கொண்டு எட்டுப் போட்டாள். எத்தனை சுற்றியும் வண்டி நிற்கவில்லை. போர்வையை எடுத்தாள். கடைசிப் பல்லுக்கு இழுத்தாள். மறுபடி எட்டு. உடம்பு ஒரு பக்கமாகச் சாயும்படி நன்றாக வளைத்தபோது, அது நின்றது. அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. மறுபடி கிளப்பினாள், மறுபடி வளைத்தாள். நின்றது. இறங்கி முழங்காலிட்டு சீட்டுக்கடியில் கைவிட்டுப் பார்த்தாள். புது விரிப்பு அங்கே ஓரிடத்தில் மேடு தட்டியிருந்தது. விரலால் அழுத்தினால் அடியில் ஒயர்கள் ஓடுவது தெரிந்தது. கடைசிப் பல்லில் சீட்டின் அடிக்கம்பி நேராக வந்து அந்த மேட்டின்மேல் உட்கார்ந்தது. ஓட்டுபவள் சாய்ந்தால் இன்னும் அழுத்தும், ஒயர் நசுங்கி இஞ்சினுக்குப் போகும் மின்சாரம் அறுபடும். ஜப்பான்காரன் போட்ட ஒயரில் குற்றமில்லை. அதன்மேல் மெத்தை விரித்தது நாம்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்றாள். ஒன்றுமில்லை அண்ணி, நல்ல செய்திதான் என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தாள். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏம்மா, வண்டி ஆளோட உயரத்த அளந்து பாத்துட்டா நிக்கும்?"

அண்ணியும் சிரித்தாள். அவளும் பாதி சிரித்துவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது அந்த வாக்கியம். வா, மைதானத்துக்குப் போகலாம், காட்டுகிறேன் என்றாள். இன்றைக்கு வேண்டாம் என்றான். அப்போதுதான் அவள் யோசிக்காமல் அதைக் கேட்டாள். "இதே விரிப்புதானே உன்கிட்டேருந்து போன எல்லா வண்டிக்கும் போட்டிருக்க?"

அண்ணன் டீயைக் குடித்தான். அண்ணி எழுந்து உள்ளே போனாள். சற்றுப் பொறுத்து, விரிப்பு ஒட்டுகிற ஆள் கைகாரன், அவனைத் தப்பு சொல்ல முடியாது என்றான். நீ குழுவில் எதுவும் எழுதிவிடாதே, அங்கே இருப்பவர்கள் பாதிப் பேர் நம் வாடிக்கையாளர்கள் என்றான். அவளை வாசல்வரை வந்து வழியனுப்பினான். அவன் அப்படி வருவதில்லை.

அதற்குப் பிறகு அவள் வண்டியை வெளியே எடுப்பதையே குறைத்துக்கொண்டாள். பஸ்ஸில் போனாள். பஸ்ஸில் நின்றுகொண்டு, கடந்து போகிற வண்டிகளில் ஓட்டுபவர்களின் தலையைப் பார்த்தாள். ஸ்டியரிங்குக்கு மேல் கண் மட்டும் தெரிகிற பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்! அதில் எது அண்ணன் விற்ற வண்டி? யாராவது ஒருத்தி இந்த நேரத்தில் ஒரு திருப்பத்தில் நின்றுபோய், வீட்டுக்கு வந்து சொல்லி, ரெஸ்ட் எடு என்று கேட்டுக்கொண்டிருப்பாளோ?

ஆள் கிடைத்துவிட்டது என்று அண்ணன் போன் செய்தான். சனிக்கிழமை வருகிறார்களாம். வாங்குவது ஒரு பெண். ஓனரிடம் நேரில் பேச வேண்டும், ஓனர் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நீ வந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு, எப்போதும் சொல்வதைச் சொன்னால் போதும் என்றான். விரிப்பைச் சரி செய்தாயா என்று கேட்டாள். பார்த்துக்கொள்ளலாம், நீ வா என்றான்.

கணவரும் அதைத்தான் சொன்னார். விட்டது தொல்லை என்று இருக்காமல் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறாய்? வாங்குகிறவர்கள் மெக்கானிக் வைத்துப் பார்க்க மாட்டார்களா? அண்ணனுக்குத் தெரியாததா? கேட்கக் கேட்க எல்லாம் நியாயமாகவே பட்டது. அந்த மைதானத்தில் நடந்ததுகூட இப்போது கொஞ்சம் மங்கிவிட்டது. நான்தான் நிற்க வேண்டும் நிற்க வேண்டும் என்று வளைத்தேனோ? வெள்ளிக்கிழமை இரவு அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். நல்லதாக ஒன்றும் சொல்ல வேண்டாம், கெட்டதாகவும் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஓட்டிவிட்டு வந்துவிடலாம்.

கொட்டகைக்கு அவள் பஸ்ஸில் போனாள். அவள் வண்டி முந்தின நாளே அங்கே போய், கழுவி, மெருகேற்றி, முன்வரிசையில் நின்றது. வாங்க வந்தவள் காகித ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். நெடுஞ்சாலையில் தினமும் போய்வர வேண்டுமாம், ஷிப்டு வேலை. துணைக்கு யாரையும் கூட்டி வரவில்லை. இவளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபோது இவளை நிமிர்ந்து பார்த்தாள். தன்னையே நிமிர்ந்து பார்க்கும்படி உயரம் குறைந்தவர்களை இவள் அதிகம் சந்தித்ததில்லை.

"ஊர்ல ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வாங்க அக்கா. நீங்க எழுதினத படிச்சுத்தான் நான் வந்தேன். வீட்டுக்காரரவிட மேல்னு போட்டிருந்தீங்களே, அத எங்கம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டாங்க."

இவள் ஏதோ முனகினாள். அந்தப் பெண் மளமளவென்று பேசினாள். சொந்த வண்டி என்று இதுதான் முதல். ஷிப்டு முடிந்து இருட்டில் பஸ்ஸுக்கு நிற்பது இனி இல்லை. பழையது வேண்டாம் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள், ஆனால் இந்தக் கம்பெனி என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். பேசிக்கொண்டே வண்டியின் தலையில் கை வைத்துத் தடவினாள், புதுக் குதிரையைத் தடவுவதுபோல.

அண்ணன், ஒரு நிமிஷம் என்று தங்கையை வண்டியின் மறுபக்கம் அழைத்தான். ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். சீட் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. முதுகுப் பக்கம் புதிதாக ஒரு திண்டு, சீட் உறையின் அதே துணியில் தைத்தது, நாடா போட்டுக் கட்டியிருந்தது. குரலைத் தாழ்த்தினான்.

"ரெண்டு பல்லு பின்னாலயே இருக்கட்டும். முன்னால இழுக்காத. கால் எட்டணும்னுதான் திண்டு தச்சு வச்சிருக்கேன்."

அவள் திண்டைப் பார்த்தாள். முதலில் வந்தது சந்தோஷம். சிறு பிள்ளையின் சந்தோஷம்போல அது ஒரு கணம் உடம்பெல்லாம் ஓடியது. எனக்கு ஒன்றுமில்லை. என் காலுக்கு ஒன்றுமில்லை, தலைக்கு ஒன்றுமில்லை. இவன் நம்பியிருக்கிறான். நான் சொன்ன அன்றைக்கே நம்பியிருக்கிறான். யாரிடமோ அளவு கொடுத்துத் தைக்கச் சொல்லுமளவுக்கு நம்பியிருக்கிறான். இத்தனை வாரமாக அவளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ஒரு கை சட்டென்று விட்டதுபோல் இருந்தது. விட்ட பிறகுதான், அந்தக் கை யாருடையது என்று பார்க்க முடிந்தது.

"விரிப்பத் தூக்கிப் பாத்தியாண்ணா?" என்றாள்.

"பாத்தேன்."

"அப்ப சரி பண்ணலாமே. விரிப்ப வெட்டி எடுத்தாப் போதுமே."

அண்ணன் கொட்டகை நெடுக ஒரு பார்வை பார்த்தான். வரிசையாக நின்ற வண்டிகள், எல்லாவற்றிலும் அதே விரிப்பு. வெளியே ஊரெல்லாம் ஓடுகிறவை அவன் கண்ணில் தெரிந்தனவோ என்னவோ. "இத வெட்டினா எல்லாத்தையும் வெட்டணும். வித்தவங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு என்னன்னு சொல்றது? யாருக்கும் ஒண்ணும் ஆகல இல்ல?" அவன் முகத்தில் வேர்த்திருந்தது. மடியில் கனம் இருந்தால் இப்படித்தான் வேர்க்கும். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. கெட்டவன் அல்ல அவன். அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவன். "அந்தப் பொண்ணுக்கும் திண்டோடயே குடுத்துடறேன். ஒரு ரவுண்டு போயிட்டு வா. வந்து, நீ வழக்கமா சொல்றத மட்டும் சொல்லு. நீ சொன்னா எடுத்துடுவா."

திண்டு ஒருநாள் அவிழும். அல்லது அந்தப் பெண்ணுக்கு முதுகு வலிக்கும், எடுத்துப் பின்சீட்டில் போடுவாள். கீழே கைவிட்டு, எக்கி எக்கி முன்னால் இழுப்பாள். நெடுஞ்சாலையில் ஆலைக்குத் திரும்புகிற இடத்தில் லாரிகள் எப்படி வரும் என்று இவளுக்குத் தெரியும். அது நடக்காமலும் போகலாம். ஆனால் ஏதோ ஒரு திருப்பத்தில் நின்றுபோய், அவள் வீட்டுக்கு வந்து சொல்வாள். அவளுடைய அம்மா இவள் எழுதியதை எடுத்துப் படித்துக் காட்டுவாள்.

"போகலாமா அக்கா?" அந்தப் பெண் மறுபக்கத்துக் கதவில் கை வைத்து நின்றாள்.

அண்ணன் சாவியைத் தங்கையின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான். "உக்காரும்மா. அந்தப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு பார்."

"நான் ஓட்டலண்ணா."

சத்தமாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்டது. அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்க வேண்டும், கதவிலிருந்து கையை எடுத்தாள். அண்ணன் சிரித்தபடி அந்தப் பெண் பக்கம் திரும்பி, தங்கச்சிக்குக் காலையிலிருந்தே தலைசுற்றல், வெயிலில் பஸ்ஸில் வேறு வந்தாள், நானே ஓட்டிக் காட்டுகிறேன், அவள் உட்கார்ந்தபடி பேசட்டும் என்றான். சொல்லிக்கொண்டே இவளைப் பார்த்தான். தப்பிக்க வழி திறந்துவிட்டிருக்கிறேன், இதிலாவது போய்விடு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஒரு தலையசைப்புப் போதும். பேசக்கூட வேண்டாம்.

"எனக்குத் தலையெல்லாம் சுத்தலண்ணா" என்றாள் அவள். "உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஓட்டவும் மாட்டேன், வழக்கமா சொல்றதச் சொல்லவும் மாட்டேன்."

சாவியை அவனிடம் திருப்பிக் கொடுக்காமல் கைப்பைக்குள் போட்டு, பையை மூடினாள்.